பிரசவ அறையின் வாசலில் அர்ச்சுனன்

கொச்சி நகரை அடுத்துள்ள திருப்பூணித்துறை, கொச்சி மன்னர் குடும்பத்தினர் வாழ்ந்த ஊர். அங்கே கோயில் கொண்டுள்ள பூர்ணத்ரயீசர் அவர்களுடைய குலதெய்வம். பாம்பணையில் பள்ளிகொண்டவராகவே பல தலங்களில் காணப்படும் திருமால், இங்கே அனந்தன் குடைபோல் படம் விரித்து நிற்க, அமர்ந்த கோலத்தில் காட்சி தருகிறார். சந்தானகோபால மூர்த்தி என்று போற்றப்படும் இவரிடம் மகப்பேறு வேண்டி வருவோர் பலர். கருவறை தேரின் வடிவை ஒத்தது என்பர். வைகுண்டத்தில் பெற்ற இத்திருமேனியை அர்ச்சுனன் தன் தேரில் கொண்டுவந்து இங்கே எழுந்தருளச் செய்தான் என்பது தலவரலாறு. தகுந்த இடம் பார்த்து வருமாறு முன்னால் அனுப்பப்பட்ட விநாயகர், இடத்தின் அழகில் ஈடுபட்டுத் தாமே அங்கு அமர்ந்துவிட்டார் என்றும், அர்ச்சுனன் அவரைத் தென்புறமாக நகர்த்தி வைத்தான் என்றும் சொல்வதுண்டு.

விருச்சிக மாதத்தில் எட்டு நாட்கள் நடைபெறும் உற்சவத்தில் இரவு முழுவதும் கதகளி நிகழும். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மண்டவப்பள்ளி இட்டிராரிச்ச மேனன் இயற்றிய ‘சந்தானகோபாலம்’ கேரள மக்கள் பெரிதும் விரும்பும் ஆட்டக்கதைகளுள் ஒன்று. அர்ச்சுனனின் தேர் திருப்பூணித்துறைக்கு வந்ததன் முன்கதை அதுவே. அக்கதையின் மூலம் ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் உள்ளது. அதன் நடுவில் இருப்பது ஒரு பச்சிளங்குழந்தையின் உயிர். அதைக் காக்க ஒருவன் வலிய முன்வருகிறான், தோற்கிறான். ஆபத்தில் சிக்கிய குழந்தையிடம் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே ஓடிச்சென்று உதவும் தொண்டராக விளங்க விரும்பும் அன்பர்கள், இந்தக் கதையை ஒருமுறை நிதானமாகப் பயில்வது நல்லது.

அரண்மனை வாயிலில் ஓர் அழுகுரல்

துவாரகையில் ஓர் அந்தணரின் மனைவி ஆண்மகவு ஈன்றாள். குழந்தை மண்ணில் பட்டதும் உயிர் நீத்தது. அந்தணர் அவ்வுடலை எடுத்துச் சென்று அரண்மனை வாயிலில் கிடத்தி, அரசன் நெறி தவறியதால்தான் தம் பிள்ளை மாண்டது என்று கதறினார். இரண்டாவது குழந்தைக்கும் மூன்றாவது குழந்தைக்கும் இதே கதி நேர்ந்தது. ஒன்பதாவது குழந்தையும் மாண்டபோது, கிருஷ்ணனுக்கு அருகில் அர்ச்சுனன் அமர்ந்திருந்தான்.

இவ்வளவு துயரைக் கேட்டும் இங்கே வில்லேந்தக்கூடிய ஒருவரும் இல்லையா என்று அவன் வெகுண்டான். அடுத்த குழந்தையைத் தான் காப்பதாகவும், தவறினால் தீயில் புகுவதாகவும் பிரதிக்ஞை செய்தான். அந்தணருக்கு நம்பிக்கை வரவில்லை. பலராமனும் கிருஷ்ணனும் பிரத்யும்னனும் அநிருத்தனும் செய்ய முடியாததை நீ எவ்வாறு செய்வாய் என்று கேட்டார். அர்ச்சுனனின் மறுமொழியில்தான் கதையின் முடிச்சு விழுகிறது. தான் அவர்களில் ஒருவன் அல்லன், காண்டீபம் ஏந்திய அர்ச்சுனன் என்றும், எமனையே வென்று குழந்தையைக் கொண்டுவருவதாகவும் அவன் பெருமிதத்தோடு கூறினான்.

பத்தாவது பேறுகாலம் நெருங்கியது. அந்தணர் ஓடிவந்து அழைத்தார். அர்ச்சுனன் நீரால் தூய்மை செய்துகொண்டு, மகேசுவரனை வணங்கி, பிரசவ அறையின் மேலும் கீழும் பக்கங்களிலும் அம்புகளால் கூடு அமைத்தான். குழந்தை பிறந்து அழுதது. அடுத்த கணமே உடலோடு மறைந்துபோயிற்று. முந்தைய ஒன்பது முறையும் தாய்க்குப் பார்க்க உடலாவது மிஞ்சியது. காவல் நின்ற இம்முறையோ அதுவும் இல்லை.

அந்தணர் அவனைப் பழித்தார். அர்ச்சுனன் எமனுலகம் சென்று தேடினான். இந்திரன், அக்கினி, வாயு, வருணன் ஆகியோரின் நகரங்களிலும் பாதாளத்திலும் தேடினான். எங்கும் காணாமல், சொன்ன சொல்லின்படி தீ மூட்டினான். அப்போது கிருஷ்ணன் தடுத்து, அவனைத் தேரில் ஏற்றி, உலகங்களைக் கடந்து, பேரிருளினூடே சுதர்சனம் ஒளிகாட்ட அழைத்துச் சென்றான். அனந்தன்மீது வீற்றிருந்த பரம்பொருளிடமிருந்து குழந்தைகள் அனைவரையும் மீட்டுவந்து பெற்றோரிடம் ஒப்படைத்தனர்.

வினைப்பயன் என்னும் சாக்கு

இக்கதையை அகங்கார பங்கம் என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. மற்றொரு பாதியை உரையாசிரியர்களைவிட அந்த அந்தணரே நன்கு அறிந்திருப்பார். ஒன்பது முறை அவர் அந்த வாயிலில் நின்றார்; ஒன்பதாவது முறையில்தான் ஒருவன் எழுந்து வந்து அவரிடம் பேசினான். அவனுடைய சொல்லில் செருக்கு இருந்தது உண்மை. ஆயினும் அவையில் எழுந்தவன் அவன் ஒருவனே.

மற்றவர் ஏன் எழவில்லை? கிருஷ்ணனின் மௌனத்துக்குக் காரணம் உண்டு என்பதைக் கதையின் முடிவு காட்டுகிறது. பரம்பொருள் அறிந்து மௌனம் காப்பது ஒன்று; அவையோர் மௌனம் காப்பது வேறொன்று. கதை அதற்கு விளக்கம் தரவில்லை. ஆனால் நம் நாட்டில் வாழ்ந்தவர் எவரும் அதை ஊகிக்கலாம். நம் வீட்டுக் குழந்தை அன்று. நமக்கு ஏன் வம்பு. அதன் விதி அவ்வளவுதான். இம்மூன்றில் கடைசியாகச் சொன்னதே மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அது சாத்திரத்தின் ஆடை அணிந்து வருகிறது.

கர்மக் கொள்கையை வேதாந்தம் போதிப்பது, ஒருவன் தன் நிலைக்குத் தானே பொறுப்பேற்று முன்னேறுவதற்காக. பிறர் துயரைப் பார்த்து விளக்கம் சொல்லிவிட்டு நகர்வதற்கு அது தரப்படவில்லை. மூச்சுத் திணறும் குழந்தையின் முன்வினை என்னவென்று அருகில் நிற்பவனுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. அவன் அறிந்தது ஒன்றே: இந்தக் கணத்தில் இக்குழந்தை தன் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அவனுடைய கர்மம், அதாவது அவன் செய்ய வேண்டிய செயல், அங்கேயே அவன் கண்முன் கிடக்கிறது. குழந்தையின் வினையை ஆராயத் தொடங்குபவன் தன் வினையைத் தவறவிடுகிறான்.

இன்னொரு கேள்வியும் நேர்மையான வாசகர் மனத்தில் எழும். ஒரு வீரனின் செருக்கை அடக்கப் பத்துக் குழந்தைகளா? இக்கேள்வியை நாத்திகம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. கதையே அதற்கு இடம் கொடுக்கவில்லை. குழந்தைகள் பாடம் புகட்டும் கருவிகளாகக் கைவிடப்படுவதில்லை. ஒருவர் விடாமல் தாயின் மடிக்குத் திரும்புகிறார்கள். மண்ணுலகில் நிகழும் மரணங்களில் அவ்வாறு நேர்வதில்லை. ஆதலால் மாண்டுபோன குழந்தையைப் பற்றி, பெற்றோரிடம் சென்று இது உங்களுக்கு இறைவன் தந்த பாடம் என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை.

அருகில் இருப்பவர் யார்?

ஆபத்து நேரும்போது அழைக்க வேண்டிய எண் 108 என்பது இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும். தமிழகத்தில் இச்சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. கேரளத்தில் 2019 முதல் ‘கனிவு’ என்ற பெயரில் 300க்கும் மேற்பட்ட ஊர்திகளுடன் இயங்கிவருகிறது. இவ்வூர்திகள் காத்த உயிர்கள் எண்ணற்றவை. ஆயினும் எந்த ஆம்புலன்ஸும் சாலை வழியாகத்தான் வர வேண்டும். திருப்பூணித்துறையிலிருந்து எறணாகுளம் செல்லும் வழியில் வைற்றிலா சந்திப்பைக் காலை நேரத்தில் கடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மூச்சு நின்றுவிட்டால் நான்கு முதல் ஆறு நிமிடங்களுக்குள் மூளை பழுதடையத் தொடங்குகிறது. ஊர்தி எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த முதல் சில நிமிடங்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கும், பள்ளி ஆசிரியைக்கும், தெருமுனைக் கடைக்காரருக்கும் உரியவை.

இந்த உண்மையை ஓர் இளைஞர் வேதனையோடு கற்றுக்கொண்ட வரலாறு ஜெருசலேமில் நிகழ்ந்தது. ஏலி பேர் என்னும் அவர் பதினைந்து வயதிலேயே ஆம்புலன்ஸில் தொண்டராகச் சேர்ந்தார். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு உணவு தொண்டையில் சிக்கி மூச்சடைத்தது என்று அழைப்பு வந்தது. நெரிசலைக் கடந்து ஊர்தி சென்றடைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆயிற்று. அவர்கள் சிறுவனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தபோது ஒரு மருத்துவர் ஓடிவந்து பரிசோதித்து, உயிர் பிரிந்துவிட்டது என்று அறிவித்தார். அம்மருத்துவர் அடுத்த தெருவில் வசிப்பவர். அவருக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. உதவக்கூடியவர் அருகிலேயே இருந்தும் குழந்தை மாண்டதே என்ற எண்ணம் பேரை விடவில்லை. அக்கம்பக்கத்தில் பயிற்சி பெற்றவர்களை ஒன்றுசேர்த்து, அழைப்பு வந்ததும் மிக அருகில் இருப்பவர் கையிலுள்ள வேலையை விட்டு ஓடும் முறையை அவர் வளர்த்தார். 2006இல் பல குழுக்கள் இணைந்து ‘யுனைட்டெட் ஹட்சாலா’ என்ற அமைப்பாக உருவெடுத்தன. ஹட்சாலா என்ற எபிரேயச் சொல்லுக்கு மீட்பு என்று பொருள். சந்துகளில் நுழைவதற்கு ஏற்ப மோட்டார் சைக்கிளில் மருந்துப் பெட்டியைப் பொருத்திக்கொண்டு அவர்கள் செல்கிறார்கள். யூதரும் முஸ்லிம்களும் அதில் சேர்ந்து தொண்டாற்றுகிறார்கள் என்பது, அந்நகரின் வரலாற்றை அறிந்தவர்களுக்குச் சிறிய செய்தியாகத் தோன்றாது.

சிங்கப்பூரில் வாழும் தமிழர்கள் இதற்கு ஒப்பான வேறொரு ஏற்பாட்டை அறிவார்கள். அந்நாட்டுக் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் அறிமுகப்படுத்திய கைப்பேசிச் செயலி, ஒருவருக்கு இதயம் நின்றதாகத் தகவல் வந்தால் 400 மீட்டர் தொலைவுக்குள் உள்ள தொண்டர்களுக்கு உடனே செய்தி அனுப்பும்.

சென்னையிலும் 2005 முதல் ‘அலர்ட்’ என்ற தன்னார்வ அமைப்பு சாதாரண மக்களுக்கு அவசரகால உதவிப் பயிற்சி அளித்துவருகிறது. கேரளத்தில் 2019இல் குடிமைப் பாதுகாப்புப் படை அமைக்க முடிவு செய்தபோது, தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றுக்கும் 50 தன்னார்வலர் என்று கணக்கிட்டார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் தொடங்கிய திட்டத்துக்கு ‘ஆபத் மித்ரா’, ஆபத்தில் நண்பன், என்றே பெயர். தொண்டாற்ற விரும்புபவருக்குக் கதவுகள் இல்லாமல் இல்லை.

அம்புக்கூடு போதவில்லை

அர்ச்சுனனிடம் அன்பு இருந்தது, வீரம் இருந்தது, உலகிலேயே சிறந்த வில் இருந்தது. ஆனால் ஆபத்து வந்த திசையில் அந்த வில்லுக்கு வேலை இல்லை. குழந்தைகளின் அவசரநிலைகளில் நம்மவர் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். பாசம் மிகுதியாக இருக்கிறது, கைகள் துடிக்கின்றன, தெரிந்ததையெல்லாம் செய்கிறார்கள், தெரிந்தது தவறாக இருக்கிறது.

குழந்தைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். பற்களுக்கிடையே கரண்டியை நுழைக்கிறார்கள். முகத்தில் நீரை அடித்து வாயிலும் ஊற்றுகிறார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வரும் வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும். செய்ய வேண்டியது, குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடித்துக்கொள்ளக்கூடிய பொருட்களை அகற்றி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அருகில் இருப்பது. வாயில் எதையும் வைக்கலாகாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ உடனே 108. நின்றுவிட்டாலும், முதல் முறை வந்த வலிப்பு எனில் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். சும்மா அருகில் இருப்பது எத்தனை கடினமான தொண்டு என்பதை, துடிக்கும் குழந்தையை ஒருமுறையேனும் பார்த்தவர் அறிவர்.

குளத்திலோ கிணற்றிலோ மூழ்கிய குழந்தையை மீட்டதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் நம் கிராமங்களில் இன்னும் காணப்படுகிறது. இதில் பொன்னான நிமிடங்கள் வீணாவதோடு, வயிற்றில் உள்ளது மேலேறி மூச்சுக் குழாயை அடைக்கவும் கூடும். மூழ்கிய குழந்தைக்கு வேண்டியது காற்று. மூச்சில்லை என்று தெரிந்ததும் வாயோடு வாய் வைத்து மூச்சளிப்பதில் தொடங்கி, மார்பு அழுத்தத்தோடு மாறி மாறித் தொடர வேண்டும்.

இங்கே பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பெரியவர்களுக்குப் பல நேரங்களில் இதயம் திடீரென நிற்கிறது. அதனால் மூச்சு நிற்கிறது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் மூச்சு தடைப்படுகிறது. அதன் பின்னரே இதயம் ஓய்கிறது. ஆகவே மார்பை அழுத்துவது மட்டும் குழந்தைக்குப் போதாது; மூச்சும் தர வேண்டும். சாந்தோக்கிய உபநிடதத்தில் புலன்கள் தமக்குள் யார் பெரியவர் என்று வாதிடும் கதை வருகிறது. பேச்சும் கண்ணும் செவியும் மனமும் ஒவ்வொன்றாக விலகிப் பார்த்தும் உடல் எப்படியோ வாழ்ந்தது. பிராணன் புறப்பட முனைந்ததும் மற்றவை அனைத்தும் வேரோடு பெயர்க்கப்பட்டாற்போல் அலறின. ரிஷிகள் தத்துவமாகச் சொன்னதை இங்கே தொண்டர் விரல்நுனியில் காண்கிறார்.

முறை இதுவே: தனி ஒருவராக உதவும்போது 30 முறை அழுத்தி 2 முறை மூச்சளிக்க வேண்டும்; பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். ஆழம், மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு; கைக்குழந்தைக்கு ஏறத்தாழ 4 செ.மீ., வளர்ந்த பிள்ளைக்கு 5 செ.மீ. கைக்குழந்தையின் மார்பை இரு விரல் நுனிகளால் அழுத்தும் பழைய முறையை அமெரிக்க இதயச் சங்கம் 2025 வழிகாட்டுதலில் கைவிட்டுவிட்டது. ஆழம் போதுவதில்லை என்பதே காரணம். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்துவதும், ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்துவதும் இப்போதைய முறைகள். முன்பே பயிற்சி பெற்றவர்களும் மீண்டும் கற்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு மாற்றமே போதிய சான்று.

தொண்டையில் பொருள் சிக்குவது இன்னொன்று. நிலக்கடலை, புளியங்கொட்டை, நாணயம், கேரளத்தில் ரம்புட்டான் பழத்தின் வழுக்கும் கொட்டை என எதுவும் எமனாகலாம். குழந்தை வலுவாக இருமினால் இருமவிட வேண்டும். இருமலைவிடச் சிறந்த மருத்துவம் அப்போது இல்லை. இருமலும் அழுகுரலும் வராமல் முகம் நீலம் பாய்ந்தால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின்மீது குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கிடையே ஐந்து முறை தட்ட வேண்டும். பின்பு மல்லாத்தி, மார்பின் நடுவில் ஐந்து முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும்வரை இவ்விரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதைக் கடந்த பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டுகள். பின்பு, 1974இல் மருத்துவர் ஹைம்லிக் அறிமுகப்படுத்திய வயிற்று அழுத்தம் ஐந்து. கைக்குழந்தையின் வயிற்றை ஒருபோதும் அழுத்தலாகாது. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். குழந்தை நினைவிழந்துவிட்டால் தட்டுவதை நிறுத்தி, மேலே கூறிய அழுத்தமும் மூச்சும் தொடங்க வேண்டும்.

தீக்காயம் பற்றி ஒரு சொல்: 20 நிமிடம் குழாய்நீர். இட்லி மாவும் பற்பசையும் மையும் அடுக்களையிலும் மேசையிலுமே இருக்கட்டும்.

இவையெல்லாம் மருத்துவர்களின் வேலை அல்லவா என்ற ஐயத்துக்கு, 1971இல் வங்கதேச எல்லையில் உள்ள பன்காவ் அகதி முகாம் விடையளித்தது. வாந்திபேதியில் குழந்தைகளும் பெரியவர்களும் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலநாபிஸ், உப்பும் குளுக்கோசும் சமையல் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, அவர் சிகிச்சையளித்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. கற்றவர் செய்வதைக் கல்லாத தாயும் செய்ய முடியும் என்று நம்பியதே அவருடைய பெரிய துணிவு. அவர் 2022இல் மறைந்தார். மறு ஆண்டு பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

கைகூடாதபோது

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் குழந்தை பிழைக்காமல் போவதுண்டு. வெளியுலகில் இதயம் நின்றுபோன குழந்தைகளில் மீள்பவர் சிறுபான்மையினரே. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாத பயிற்சி, தொண்டருக்கு நியாயம் செய்வதாகாது.

அர்ச்சுனன் மூட்டிய தீ இங்கே நினைவுக்கு வர வேண்டும். காப்பேன் என்று அவன் விளைவுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். விளைவு கைவிட்டுப் போனதும், வாழ்வதற்கே காரணம் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. செருக்கும் தன்னை வெறுத்தலும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை: எல்லாம் என்னால் ஆக வேண்டும் என்ற கணக்கு. கிருஷ்ணன் அவனைத் தடுத்தபோது கடிந்துகொள்ளவில்லை. தன்னைத் தானே இகழ வேண்டாம் என்று கூறி, உடன் வா என்று அழைத்தான். கீதையை நேரில் கேட்கும் பேறு பெற்றவன் என்று நாம் போற்றும் அர்ச்சுனனுக்கே இந்த ஆறுதல் தேவைப்பட்டது.

விளைவில் உரிமை கொண்டாடாமல் செயலைச் செய்வது பற்றி மேடையில் பேசுவது எளிது. மார்பை அழுத்தி அழுத்தி மரத்துப்போன கைகளோடு, அத்தாயின் முகத்தைப் பார்த்தபடி எழுந்து நிற்பவருக்கு அது எளிதன்று. அன்றிரவு அவர் தனியாக இருக்கலாகாது. உடன் சென்ற தொண்டர் ஒருவர், அல்லது மூத்தவர் ஒருவர், அவரோடு அமர்ந்து நடந்ததை முழுவதும் சொல்லக் கேட்க வேண்டும். எது சரியாக நடந்தது, எதை மாற்ற வேண்டும் என்பதை மறுநாள் பேசிக்கொள்ளலாம். உறக்கமின்மையும் அக்காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுவதும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெற்றோரிடம் பேசும்போது, காப்பாற்றிவிடுவேன் என்ற சொல்லைத் தொண்டர் தவிர்ப்பதே அறம். நான் இங்கே இருக்கிறேன், உதவி வந்துகொண்டிருக்கிறது என்பவை நிறைவேற்றக்கூடிய வாக்குகள்.

இருளில் எய்த அம்பு

சட்டத்தைப் பற்றிய அச்சம் முன்னளவுக்கு இன்று தேவையில்லை. சாலை விபத்தில் உதவுபவர்களைக் காவல்துறையோ மருத்துவமனையோ அலைக்கழிக்கக் கூடாது என்ற மத்திய அரசின் வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று கட்டாயமாக்கியது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்குகளிலிருந்து காக்கிறது. இது வாகன விபத்துகளுக்கு உரியது. வீட்டிலும் பள்ளியிலும் நேரும் ஆபத்துகளில், பெற்றோரோ ஆசிரியரோ அருகில் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுவது முறை. கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்து 108 பணியாளரின் அறிவுரையைக் கேட்டபடியே உதவலாம். அக்கைப்பேசியால் படம் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை என்ன செய்வது என்பதற்குத்தான் எந்தச் சட்டமும் இன்னும் வழி காட்டவில்லை. அவர்களிடம் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டத் தெருமுனைக்குச் செல்லும் வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

படித்து அறிவது பயிற்சியாகாது. இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் அர்ச்சுனனின் மாணவப் பருவம் பற்றி ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. ஓரிரவு அவன் உண்டுகொண்டிருந்தபோது காற்றில் விளக்கு அணைந்தது. இருளிலும் கை தவறாமல் வாய்க்குச் சென்றதைக் கவனித்தான். பழக்கம் கண்ணின் உதவியின்றியும் வேலை செய்யும் என்று உணர்ந்து, அன்று முதல் இரவில் வில் பயின்றான். நாணொலி கேட்டு எழுந்துவந்த துரோணர் அவனைத் தழுவிக்கொண்டார்.

குழந்தை மூச்சற்றுக் கிடக்கும் அறையும் அத்தகைய இருள்தான். சுற்றிலும் அலறல், மனம் செயலிழந்துவிடும், கைகள் பழகியதை மட்டுமே செய்யும். உயிர்காப்புப் பயிற்சியின் சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். கைத்திறனோ சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. ஆகவே சத்சங்கம் கூடும் இடங்களிலும் பள்ளிகளிலும், பயிற்சியாளரை அழைத்து ஆண்டுக்கு இருமுறையேனும் பொம்மைகளின் முன் மண்டியிட்டுப் பழகுவது நல்லது. கைக்குழந்தையின் பொம்மை வேறு, ஐந்து வயதுப் பிள்ளையின் பொம்மை வேறு. தலையைச் சாய்க்கும் அளவும் மார்பை அழுத்தும் விதமும் இரண்டுக்கும் ஒன்றல்ல. இரண்டும் இருக்கின்றனவா என்று பயிற்சியாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.